சந்தனம் வைத்த துளையில் எண்ணெய் இறங்காது

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் இல்லை. லேத் இருக்கிறது.

நாலரை அடி பெட். முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை. பாவம், கார் வெளியே வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது. கூரியர் கொண்டுவந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, ‘‘மாவு மிஷினா சார்?’’ என்றான்.

‘‘இல்லப்பா, லேத்.’’

‘‘பட்டறை வெச்சிருக்கீங்களா?’’

‘‘இல்ல, பத்திரிகையில எழுதறேன்.’’

கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனான்.

போன ஆயுத பூஜை அன்று என் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு வந்து லேத்துக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். மோட்டாருக்கு ஒன்று, சக்குக்கு ஒன்று, ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒன்று. ஹெட்ஸ்டாக்கின் மேலே சின்னக் கிண்ணம் மாதிரி இரண்டு மூடி இருக்கும். அதையும் திறந்து உள்ளே ஒரு சிட்டிகை சந்தனத்தை அப்பப் போனார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தாய்மாமா பதறிப் போய்விட்டார்.

‘‘அம்மா, அதுல மட்டும் வேண்டாமுங்க. அது எண்ணெ ஊத்தற ஓட்டை.’’

‘‘நல்ல நாளும் அதுவுமா சாமிக்கு வெக்கக் கூடாதுங்களா?’’

‘‘சாமி நெத்தியில வெய்யுங்க. வாயில அப்பாதீங்க.’’

ஐம்பது வருஷம் டர்னராக வாழ்ந்தவர் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்த வாரக் கட்டுரை. மிச்சமெல்லாம் என் புலம்பல்.

நாம் இயந்திரத்தைக் கும்பிடுகிறோம். வருஷத்துக்கு ஒரு நாள், பொரி கடலையோடு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி. மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட மாட்டோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பக்தி. எனக்கு அது அலட்சியமாகத்தான் தெரிகிறது. பொட்டு வைத்த அலட்சியம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். யோக்கியதை இல்லைதான். வாக்குமூலம் இருக்கிறது.

* * *

நான் பி.காம். 2000-ஆம் வருஷம் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, ரிசல்ட் வருகிற வரைக்கும் கோவை கணபதியில் இருந்த மாமாவின் பட்டறையில் கணக்கு எழுதினேன். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஐந்து ஆட்கள். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட், புஷ், மில்லுக்குச் சில்லறை உதிரி பாகங்கள் என்று ஜாப் ஒர்க்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் ‘தேய்மானம்’ என்ற பாடம் தெரியும். இயந்திரத்தின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்து எழுதுவது. அப்போது வருமான வரிக் கணக்குக்குப் பொதுவான இயந்திரங்களுக்கு 25 சதவிகிதம். இப்போது 15. நூறு ரூபாய் மெஷின் 25 சதவிகிதக் கணக்கில் முதல் வருஷக் கடைசியில் 75, அடுத்தது 56.25, பத்து வருஷத்தில் ஐந்தரை ரூபாய்ச் சொச்சம். மாமாவின் பழைய லேத் என் நோட்டில் சில நூறு ரூபாய்தான். ஆனால், அந்த மெஷின்தான் தினமும் எட்டு மணி நேரம் ஓடி அத்தனை பேருக்கும் சோறு போட்டது. இந்த முரண்பாடு எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. பரீட்சையில் தேய்மானத்தில் முழு மார்க் வாங்கியவன் நான். ஒரு தேய்ந்த இரும்பை விரலால் தொட்டுப் பார்த்ததில்லை.

கணக்கைப் புரட்டும்போது மாதாமாதம் ‘எண்ணெய்’ என்று முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் கண்ணில் பட்டது. கூடவே, காலையில் முக்கால் மணி நேரம் எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விட்டுத் துடைப்பதற்கென்றே ஒரு ஹெல்பர் பையன். அவனுக்குச் சம்பளம்.

‘‘மாமா, இது வேஸ்ட்டுங்க. ரெண்டு கடை தள்ளி டூவீலர் சர்வீஸ் இருக்குது. கழட்டின எஞ்சின் ஆயிலைச் சும்மாவே குடுப்பாங்க. எண்ணென்னா எண்ணெதானுங்களே?’’ என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அக்கா பையன் பட்டம் படித்துவிட்டு வந்து சொல்கிறான்.

‘‘படிச்ச பையன் சொல்றே. செரி மாப்ளே’’ என்றார்.

எண்ணெய்ச் செலவு பூஜ்யம். ஹெல்பர் பையனும் அந்தத் தீபாவளியோடு நின்றுவிட்டான். வருஷக் கடைசியில் லாபம் சில ஆயிரம் கூடியது. என் முதல் நிர்வாக வெற்றி! பிறகு நான் சென்னைக்கு வந்து பேனாவைப் பிடித்துவிட்டேன்.

அந்த வெற்றியின் முழுக் கணக்கு 2023-ல்தான் என் கைக்கு வந்தது. மாமாவுக்கு முட்டி போய்விட்டது. மகன் பெங்களூரில். பட்டறையை மூடினார்கள். பழைய இரும்புக்காரர் வந்து மெஷின்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிலோ கணக்கில் விலை பேசினார். லேத்துக்குக் கிலோ கணக்கு! மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன ஆயிற்றோ, ‘‘அந்த நாலரை அடியை நான் எடுத்துக்கறேன்’’ என்று சொல்லிவிட்டேன். பழைய இரும்பு விலைதான். வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத இடம் போதாது.

* * *

கொண்டுவந்து இறக்கிய அன்று, லேத்தை ஷெட்டில் நிறுத்தி, கால்களைப் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமா போனிலேயே சத்தம் போட்டார். ‘‘முறுக்கிப் போடும் மாப்ளே! லெவல் பாக்காம இறுக்காதே.’’

இது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. கட்டிலில் ஒரு கால் குட்டையாக இருந்தால் கட்டில் ஆடும், நமக்குத் தெரியும். லேத் ஆடாது. அந்த எடைக்கும் இறுக்கின போல்ட்டுக்கும் அதன் பெட்டே பிழிந்த துணி மாதிரி லேசாக முறுக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு முறுக்குமா என்றால், முறுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முறுக்கும். அது போதும் வேலையைக் கெடுக்க.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் இதற்கு உதவாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற மெஷின் லெவல் வேண்டும். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். பெட்டுக்குக் குறுக்கே சக் பக்கம் ஒரு தடவை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய மெஷின் என்றால் தேயாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். குமிழி நடுவில் நிற்கிறதா என்பதைவிட, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஆடுகிற கப்பலில்கூட லேத் வைத்து வேலை செய்கிறார்கள். மட்டமாக இல்லாவிட்டால் பரவாயில்லை, முறுக்கு இருக்கக் கூடாது.

என் லேத்தில் இரண்டு முனைக்கும் மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. ‘இவ்வளவுதானே’ என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிலிருந்து சென்டர் உயரம் 165 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் டூல் முனை 0.0165 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும். கடைகிற கம்பியின் விட்டத்தில் அது இரண்டு மடங்கு, 0.033. கிட்டத்தட்ட பாதித் தலைமுடிக் கனம். பேரிங் உட்காருகிற ஷாஃப்ட்டில் பாதித் தலைமுடி என்றால், அந்த ஷாஃப்ட் குப்பைக்கு.

காலடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் சொருகி, இறுக்கி, பார்த்து, தளர்த்தி, மறுபடி சொருகி... மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் மாமா சொல்லித் தந்த பரீட்சை. ஒரு தடித்த கம்பியைச் சக்கில் மட்டும் பிடிக்க வேண்டும். மறுமுனையை டெயில்ஸ்டாக்கால் தாங்கக் கூடாது. சக்குக்குப் பக்கத்தில் ஒரு வளையம், வெளி முனையில் ஒரு வளையம் விட்டு நடுப்பகுதியைக் குறைத்துவிட வேண்டும். பிறகு இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் மெல்லிசாகச் சீவி, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். முதலில் 0.04 வித்தியாசம் வந்தது. தகடு மாற்ற மாற்ற 0.01-க்கு வந்தது. அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது.

கோவையிலிருந்து வந்திருந்த மாமா, பெட் மேல் ஒரு நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் சொருகச் சொன்னார். டெயில்ஸ்டாக் பக்கம் ஒன்றும் நுழையவில்லை. சக்குக்குப் பக்கத்தில் 0.15 மில்லிமீட்டர் இலை சாதாரணமாக உள்ளே போய்விட்டு வந்தது.

அங்கேதான் எப்போதும் வேலை நடக்கும். அதனால் அங்கேதான் தேயும். எண்ணெயோடு கலந்த பொடி சேடிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறை நகரும்போதும் அரம் போட்டிருக்கிறது. அதைத் தகடு வைத்துச் சரிசெய்ய முடியாது. பெட்டையே கிரைண்டிங் செய்தாக வேண்டும்.

‘‘எல்லாம் அந்தக் கறுப்பு எண்ணெயாலயாங்க மாமா?’’ என்றேன்.

‘‘அம்பது வருஷ மெஷினு... தேயாம என்ன பண்ணும்’’ என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பெரியவர்கள் இப்படித்தான் பொய் சொல்வார்கள்.

25 சதவிகிதம் தேய்மானம் எழுதியபோது எனக்கு வலிக்கவில்லை. 0.15 மில்லிமீட்டர் வலித்தது.

* * *

அடுத்தது எண்ணெய்த் துளைகள். எண்ணிப் பார்த்தேன். என் லேத்தில் 23 இடத்தில் எண்ணெய் விட வேண்டும். ஸ்பிண்டிலைத் தாங்கும் கன்மெட்டல் புஷ் இரண்டு, லீட் ஸ்க்ரூவின் இரு முனை, சேடில், கிராஸ் ஸ்லைடு, ஏப்ரன், சேஞ்ச் கியர், டெயில்ஸ்டாக்... அதில் 9 துளைகள் அடைத்துக் கிடந்தன. மெல்லிய கம்பியால் குத்தி, ஊசி மருந்து போடும் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் பீய்ச்சி, ஊறவிட்டு, மறுபடி குத்தினால், உள்ளேயிருந்து வந்தது என்ன தெரியுமா? இறுகிப்போன கிரீஸ், இரும்புத் தூள், அதோடு மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி. சந்தனமும் குங்குமமும்! எத்தனை ஆயுத பூஜையின் மிச்சமோ. நாம் அன்போடு வைத்த பொட்டு, அந்த மெஷினின் தொண்டையில் போய் உட்கார்ந்திருந்தது.

‘எண்ணெய்னா எண்ணெய்தானே’ என்று கேட்ட அந்த 2000-ஆம் வருஷத்துப் பையனுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

சுழல்கிற தண்டு புஷ்ஷைத் தொடுவதில்லை. ஓட ஆரம்பித்ததும் அது எண்ணெயைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டு, சில மைக்ரான் கனமுள்ள படலத்தின் மேல் மிதக்கிறது. நின்றிருக்கும்போதும் கிளம்பும்போதும்தான் உலோகமும் உலோகமும் உரசும். அதனால்தான் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் எண்ணெய். படலம் சரியாக நிற்க எண்ணெயின் கனம் சரியாக இருக்க வேண்டும். டப்பாவில் 32, 46, 68 என்று போட்டிருப்பது அதுதான். 40 டிகிரி சூட்டில் அது எவ்வளவு குழகுழப்பாக இருக்கும் என்கிற எண். ஸ்பிண்டிலுக்கு மெல்லியது, மெஷின் கையேடு சொல்கிறபடி. பெட்டுக்கு 68-ல் ‘ஸ்லைடுவே ஆயில்’ என்றே தனியாகக் கிடைக்கிறது. கொஞ்சம் ஒட்டும் தன்மை உள்ளது. வழிந்து ஓடாமல் நிற்கும், சேடில் பிடித்துப் பிடித்து நகராமல் வழுக்கிக்கொண்டு போகும்.

புது எஞ்சின் ஆயில்? ஒன்றும் விடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால், அழுக்கைக் கீழே படியவிடாமல் தனக்குள் சுமந்து திரியும்படி அதைத் தயாரிக்கிறார்கள். எஞ்சினில் அந்த அழுக்கைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறது. என் லேத்தில் ஏது ஃபில்டர்? கழற்றின எஞ்சின் ஆயில்? கரியும் உலோகத் தூளும் அமிலமும் கலந்த சாக்கடை. மெஷினுக்கும் கேடு, கைத்தோலுக்கும் கேடு. தேங்காய் எண்ணெய்? நாளாக நாளாகப் பிசினாகிவிடும். பெட் மேல் கிரீஸ்? இரும்புப் பொடியைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாளாக மாறும். தடவாமல் இருப்பதே உத்தமம்.

இன்னொன்று. பூஜை முடிந்து கையில் கட்டிவிட்ட மஞ்சள் கயிறு, மோதிரம், தோளில் துண்டு, முழுக்கைச் சட்டை, கையுறை. இதில் எதுவும் ஓடுகிற லேத்தின் பக்கத்தில் கூடாது. சக்குக்குப் பக்தி தெரியாது. கயிற்றைப் பிடித்தால் கையோடு இழுக்கும்.

* * *

இதைப் படித்துவிட்டு ஐ.டி. நண்பர் ஒருவர் கேட்கப்போவது எனக்கு இப்போதே காதில் விழுகிறது: ‘‘சி.என்.சி. வந்து எத்தனை வருஷம் ஆச்சு. பழைய லேத்தைக் கட்டிக்கிட்டு அழறியே, இது வெறும் பழம்பெருமை இல்லையா?’’

நல்ல கேள்வி. சி.என்.சி.க்கு நான் எதிரி இல்லை. என் லேத் ஒரு நாளில் செய்வதை அது தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடும். ஆனால், அதற்கும் எண்ணெய் வேண்டும். அதில் எண்ணெய் விட மனிதர் தேவையில்லை, தானாகவே பம்ப் விடும். தொட்டியில் குறைந்தால் அலாரம் அடிக்கும். அலாரம் அடித்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? எண்ணெய் ஊற்றுவார்கள் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். உற்பத்தி நிற்கக் கூடாது என்று அலாரம் ஒயரைப் பிடுங்கிவிட்ட ஒரு தொழிற்சாலையை நானே பார்த்திருக்கிறேன். மெஷினின் பெயர் மாறிவிட்டது. மெஷினுக்குப் பொட்டும் உண்டு. ஒயர் மட்டும் இல்லை.

இது பட்டறை விஷயம் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விமானத்தைச் சொல்கிறேன். 2000 ஜனவரி 31. மெக்ஸிகோவிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261-ஆம் எண் விமானம் கலிஃபோர்னியாவுக்கு அருகே கடலில் விழுந்தது. 88 பேரும் இறந்தார்கள். வெடிகுண்டு இல்லை, புயல் இல்லை. வால் சிறகை மேலும் கீழும் அசைக்கிற ஒரு நீளமான ஸ்க்ரூவும் அதன் நட்டும்தான் காரணம். ஆக்மி மரை. என் லேத்தின் லீட் ஸ்க்ரூவில் இருப்பதும் அதே மாதிரி மரைதான். நட்டின் மரை முழுசாகத் தேய்ந்துபோய்விட்டது. போதுமான கிரீஸ் வைக்காததுதான் தேய்ந்ததற்குக் காரணம் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது. கிரீஸ் வைக்கும் இடைவெளியை அந்த நிறுவனம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போய், 1996-ல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கியிருந்தது. அதற்கு அரசாங்க ஒப்புதலும் இருந்தது.

இடைவெளியை நீட்டிய அந்த முடிவை எடுத்தவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். என்னைப் போலத்தான் இருந்திருப்பார்கள். கணக்கில் ஒரு வரியைப் பார்த்து, ‘இதைக் கொஞ்சம் குறைக்கலாமே’ என்று நினைத்திருப்பார்கள்.

1966-லேயே பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் என்பவர் தலைமையிலான குழு, உராய்வு, தேய்மானம், எண்ணெயிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்த நாட்டுத் தொழில்துறைக்கு வருஷத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. ‘டிரைபாலஜி’ என்று ஒரு படிப்பே அந்த அறிக்கையிலிருந்து பிரபலமானது. நாம் அந்தப் படிப்பை எங்கே வைத்திருக்கிறோம்? ஹெல்பர் பையனின் கையில் ஒரு கிழிந்த பனியன் துணியாக.

* * *

இப்போது என் ஜாதிக்காரர்களிடம் வருகிறேன். காமர்ஸ் ஜாதியைச் சொல்கிறேன்.

நாம் படித்த பாடத்தில் புது மெஷின் வாங்குவது மூலதனச் செலவு. சொத்துப் பட்டியலில் ஏறும். பார்க்க அழகாக இருக்கும். எண்ணெய் விடுவது வருவாய்ச் செலவு. லாபத்தைத் தின்னும். குறைக்க வேண்டிய இனம். கணக்கு முறை என்ற அளவில் இதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், கணக்கு எழுதுகிற வசதிக்காகப் போட்ட இந்தக் கோட்டை நாம் வாழ்க்கையின் தர்மமாக எடுத்துக்கொண்டோம். வாங்குவது பெருமை, பராமரிப்பது தண்டம்.

பாலம் திறக்க மந்திரி வருவார். பாலத்தின் பேரிங்கைச் சுத்தம் செய்ய யார் வருவார்? ஆஸ்பத்திரிக்குப் புது லிஃப்ட் என்றால் ரிப்பன், கத்தரிக்கோல், போட்டோ. அதே லிஃப்ட்டுக்கு மாதாந்திர சர்வீஸ் என்றால், ‘அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்.’ அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். புது ஜெனரேட்டருக்கு ஆளாளுக்குக் கை தூக்குவார்கள். பழைய ஜெனரேட்டரின் எண்ணெயை மாற்றினீர்களா என்று கேட்டால், எல்லோரும் செக்ரட்டரியைப் பார்ப்பார்கள். செக்ரட்டரி வாட்ச்மேனைப் பார்ப்பார்.

வேலை கடைசியில் அந்த வாட்ச்மேன் தலையில் விழுவதற்கும் காரணம் உண்டு. எண்ணெய்க்கை என்றால் நமக்கு இளக்காரம். கையில் அழுக்குப் படுகிற வேலை ‘கீழ்’ வேலை. பையன் இன்ஜினீயரிங் படிக்கலாம், எண்ணெய்க் கேனைத் தொடக் கூடாது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு கோவையில் மில்களும் அவற்றைச் சுற்றிப் பட்டறைகளும் பெருகினவே, அந்த ஊரை வளர்த்தது இப்படிப்பட்ட எண்ணெய்க்கைகள்தான். அவர்களுக்கு நாம் கொடுத்த மரியாதை, அவர்களின் மெஷினைக் கிலோவுக்கு எடை போட்டது.

பட்டறைக்காரர்களையும் நான் குறை சொல்லத் தயாரில்லை. ‘எண்ணெய்க்குக் காசு எங்கேங்க இருக்குது?’ என்று அவர்கள் கேட்டால் அது நியாயம். ஜாப் ஒர்க் தருகிற பெரிய பார்ட்டிகள் ஒரு பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று ரேட்டை அறுத்துப் பிடிக்கிறார்கள். அந்த ரேட்டில் மெஷினைத் துடைக்கிற நேரம் சேர்த்தி இல்லை. 2006-ஆம் வருஷத்துச் சட்டம், சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது. மாமாவுக்கு மூன்று மாதம், நாலு மாதம் கழித்துத்தான் செக் வரும். கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. பணம் வராத மாதத்தில் ஒரு பட்டறைக்காரர் எதை வெட்டுவார்? கரன்ட் பில்லை வெட்ட முடியாது. வாடகையை வெட்ட முடியாது. எண்ணெயை வெட்டலாம். மெஷின் அன்றைக்கே புகார் சொல்லாது. இருபது வருஷம் கழித்து 0.15 என்று சொல்லும்.

அதனால் என் கோரிக்கைகள் சின்னவை. ஜாப் ஒர்க் ரேட் போடும்போது தினமும் பத்து நிமிஷம் மெஷினுக்கான நேரம் என்று ஒரு வரி சேருங்கள். ஆடிட்டர்களே, எண்ணெய்ச் செலவு குறைந்தால் கிளையன்ட்டைப் பாராட்டாதீர்கள், ஏன் குறைந்தது என்று கேளுங்கள். எந்தப் புதுத் திட்டத்துக்கு ரிப்பன் வெட்டினாலும், அதன் பராமரிப்புக்கு வருஷத்துக்கு எவ்வளவு, யார் பொறுப்பு என்பதைக் கல்வெட்டிலேயே பொறித்துவிடுங்கள். தலைவர்களின் பெயர்களுக்குக் கீழே கொஞ்சம் இடம் கிடைக்காதா என்ன?

ஆயுத பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் பொரி பிடிக்கும். அன்றைக்கு ஒரு காரியத்தைக் கூடுதலாகச் செய்யுங்கள். பொட்டு வைப்பதற்கு முன்னால், மெஷினைத் துடைத்து, ஒவ்வொரு எண்ணெய்த் துளையையும் திறந்து, சுத்தம் செய்து, எண்ணெய் விடுங்கள். முதலாளி தன் கையால் விடட்டும். மறுநாளும் விடட்டும். வீட்டில் லேத் இல்லையென்றால் தையல் மெஷின் இருக்கும், சைக்கிள் செயின் இருக்கும், கீச்சிடும் கேட் இருக்கும்.

நான் இப்போது காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் ஷெட்டுக்குப் போகிறேன். 23 துளைகள். சுவரில் ஒரு அட்டை மாட்டி, எந்தத் துளைக்கு எந்த எண்ணெய் என்று எழுதி, தேதி போட்டு டிக் அடிக்கிறேன். பத்து நிமிஷம் ஆகிறது. பெட்டைத் துடைக்கும்போது சக்குக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளம் விரலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன மாதம் மாமா வந்தபோது அவருடைய பழைய ஊன்றுகோலுக்கு ஒரு பித்தளைப் பூண் கடைந்து கொடுத்தேன். நான் உருப்படியாகச் செய்த முதல் ஜாப். அளவில் கொஞ்சம் முன்னே பின்னேதான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு லேத்தைப் பார்த்தார்.

‘‘இன்னைக்கு எண்ணெ விட்டியா மாப்ளே?’’

‘‘விட்டேனுங்க மாமா.’’

‘‘எந்த எண்ணெ?’’

இந்த ஒரு கேள்விக்காக நான் இருபத்து மூன்று வருஷம் லேட்டாக வந்திருக்கிறேன். டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன்.